படுத்துப் பார்த்தால்தான் தெரியும்

இரவு எட்டரை மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி. லிப்டிலிருந்து இறங்கி, ஸ்கேன் அறைகளைத் தாண்டிப் போனால் நடையின் கடைசிக் கதவில் 'ஸ்லீப் லேப்' என்று சின்னதாக ஒரு பலகை. உள்ளே ஒரு கட்டில், இரண்டு தலையணை, சுவரில் டிவி, துணி மாட்ட ஒரு கொக்கி. ஆஸ்பத்திரி என்று சொல்ல இரண்டே பொருள்கள்தான் இருந்தன. கூரை மூலையில் சிவப்புப் புள்ளியோடு ஒரு கேமரா. கட்டிலின் தலைமாட்டில் பல நிறங்களில் தொங்கிய வயர்க் கொத்து.

கீழே கவுன்டரில் 12,000 ரூபாய் கட்டியிருந்தேன். ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு இது பெரிய தொகைதான் என்று பில்லைப் பார்த்தபோது தோன்றியது. ஆனால் வயர்களை ஒட்ட ஆரம்பித்ததும் ஆள் வேலை எவ்வளவு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. டெக்னீஷியன் முப்பதைத் தொடாத பையன். முதலில் கேட்டது, "தலைக்கு எண்ணெய் வெச்சீங்களா சார்?" வைக்கவில்லை. பிறகு ஒரு டேப் எடுத்துக் கழுத்தைச் சுற்றினார். 43 செ.மீ. "நாப்பதைத் தாண்டினாலே நாங்க கவனிப்போம் சார்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

மணல் கலந்தது போல் நறநறவென்று இருந்த ஒரு பசையால் மண்டையில் ஆங்காங்கே தேய்த்து, மூளையின் மின்னோட்டத்தைப் பிடிக்கும் வயர்களை ஒட்டினார். கண் ஓரங்களில் ஒவ்வொன்று, தாடையில், நெஞ்சில், இரண்டு கால்களின் முன்பக்கத்தில். மூக்குக்குக் கீழே மெல்லிய பிளாஸ்டிக் குழாய். நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட், வயிற்றைச் சுற்றி ஒரு பெல்ட். கடைசியாக விரல் நுனியில் சிவப்பு வெளிச்சம் விழும் கிளிப். எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. இதையெல்லாம் மாட்டிக்கொண்டு யாருக்குத் தூக்கம் வரும் என்று கேட்டேன். "அப்படிக் கேக்கிறவங்கதான் சார் மொதல்ல தூங்குவாங்க" என்றார். அவர் சொன்னபடியே ஆனது. விளக்கை அணைத்தது வரைக்கும்தான் நினைவிருக்கிறது.

இரவு இரண்டு மணிக்குத் தோளைத் தொட்டு எழுப்பினார். கையில் ஒரு மாஸ்க். "பாதி ராத்திரி பாத்தாச்சு சார். மீதியைக் காத்து வெச்சுப் பாப்போம்." மூக்கின் மேல் வைத்துப் பின்மண்டையில் பட்டையை இழுத்துவிட்டார். அடுத்த அறையிலிருந்து அவர் எதையோ அழுத்த, மூக்குக்குள் காற்று வந்தது. முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகமெடுத்து. வாயைத் திறந்தால் காற்று வாய் வழியே வெளியே ஓடியது. வாயை மூடியதும் தொண்டைக்குள் நின்றது. அதைக் கவனித்துக்கொண்டு இருக்கும்போதே மறுபடியும் தூங்கிப் போனேன்.

விடிந்ததும் வயர்களைப் பிரித்த கையோடு, திரையில் என்ன பதிவாகியிருக்கிறது, காட்டுங்கள் என்றேன். ரிப்போர்ட் டாக்டரிடம் வரும், அவர் சொல்லுவார் என்றார். டாக்டர் சொல்லட்டும், நான் பார்க்க வேண்டும் என்று அங்கேயே நின்றேன். ஷிப்ட் முடிகிற நேரம். என்னை அனுப்பிவைப்பதைவிடக் காட்டுவதே சீக்கிரம் முடியும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நாற்காலியைத் திருப்பி வைத்தார்.

திரையில் மேலிருந்து கீழாக இருபது வரிகள் இருக்கும். அவர் விரலை வைத்துக் காட்டியது மூன்றே வரிகளை. ஒன்று மூக்கில் போய் வரும் காற்று. அடுத்தது நெஞ்சுப் பெல்ட். மூன்றாவது விரல் கிளிப் சொல்லும் ஆக்சிஜன். மூக்கு வரி மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் அப்படியே தட்டையாகிப் போனது. தட்டையான கோடு நீண்டுகொண்டே போனது. எண்ணிச் சொன்னார்: 44 விநாடி. அந்த 44 விநாடியும் நெஞ்சுப் பெல்ட்டின் வரி நிற்கவில்லை. வரவர உயரமாக எகிறியது. அதாவது நெஞ்சு இழுக்கிறது, காற்று உள்ளே வரவில்லை. அதற்குக் கொஞ்சம் பின்னால் ஆக்சிஜன் வரி சரிந்து 80-க்குக் கீழே போனது. அப்போது மூளை வரி திடீரென்று பரபரத்து, மூக்கு வரி ஒரே தாவலாக எழுந்தது. "இங்க நீங்க முழிச்சுட்டீங்க சார். மூணு விநாடி. உங்களுக்குத் தெரியாது." அடுத்த பக்கத்தைத் தள்ளினார். அங்கேயும் அதேதான். அதற்கடுத்த பக்கத்திலும். நன்றாகத் தூங்கினேன் என்று அரை மணி முன்னால்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

பத்து விநாடிக்கு மேல் காற்று நின்றால் அதை ஒரு தடவை என்று கணக்கு வைக்கிறார்கள். முழுவதும் நிற்காமல் நன்றாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்கினாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். மணிக்கு ஐந்துக்குள் என்றால் கவலையில்லை. 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எனக்கு 38. காற்று வைத்த பின்பாதி இரவில் அவர் அழுத்தத்தை 4-லிருந்து படிப்படியாக ஏற்றிக்கொண்டு போயிருந்தார். 11-க்கு வந்ததும் மூக்கு வரி சீராகிவிட்டது. பக்கம் பக்கமாகத் தள்ளியும் தட்டைக் கோடே வரவில்லை. இந்தப் பதினொன்று என்பது நீர்மட்டக் கணக்கு: ஒரு குழாயில் தண்ணீரை 11 செ.மீ. உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் அழுத்தம். அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

நுரையீரல் டாக்டர் பத்து மணிக்கு வந்தார். பொறுமையான பெண்மணி. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து நாக்கின் அடிப்பாகம் பின்னால் சாய்ந்து வழியை அடைக்கிறது என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். "குறட்டை வர்றப்ப வழி பாதி திறந்திருக்கு. முழுசா அடைச்சுட்டா சத்தமே வராது. வீட்டுல இருக்கிறவங்க, அப்பாடா நின்னுச்சுன்னு நெனைக்கிற நேரம்தான் நாங்க பயப்படுற நேரம்." ராத்திரி முழுக்க இப்படி நடந்தால் ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்காது, இதயத் துடிப்பின் தாளம் தவறும், பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கண் சொருகும் என்றார். மருந்துச் சீட்டில் 'ஆட்டோ சிபேப், 7 முதல் 13' என்று எழுதிக் கொடுத்தார். "இது ஆக்சிஜன் மெஷின் இல்லை. நம்ம ரூம் காத்தையே கொஞ்சம் அழுத்தி அனுப்புது. அந்த அழுத்தம் தொண்டையை மூடவிடாம தாங்கிப் பிடிக்கும். ஒரு வாரத்துல பழகிடும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன்.

மெஷின் வாங்க நைனியப்ப நாயக்கன் தெருவுக்குப் போனேன். சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி, வால்டாக்ஸ் ரோட்டைக் கடந்து பார்க் டவுனுக்குள் நுழைந்தால் ஒரு கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார், நடப்பதே வேகம். தெருவுக்குள் திரும்பியதுமே மூக்குக்கு அடையாளம் தெரிந்துவிடுகிறது: பினாயில், ஸ்பிரிட், ஏதோ அமிலத்தின் காரம். மீன்பாடி வண்டிகளில் கேன்கள் ஏறுகின்றன. ஒரு பக்கம் ரசாயனக் கடைகள், இன்னொரு பக்கம் மொத்த மருந்துக் கடைகள், நடுநடுவே சர்ஜிக்கல் கடைகள். அவற்றின் வாசலில் வாக்கரும் சக்கர நாற்காலியும் கயிற்றில் கட்டித் தொங்குகின்றன. கந்தகோட்டம் கோயிலுக்குப் போகிறவர்கள் பூவும் கையுமாக இதற்குள் புகுந்து போகிறார்கள்.

முதல் மாடியில் ஒரு கடை. படிக்கட்டு ஒருவர் மட்டும் ஏறும் அகலம். கண்ணாடி அலமாரியில் வரிசையாக மெஷின்கள் இருந்தன, ஒவ்வொன்றும் டேபிள் கடிகாரத்தைவிடச் சற்றுப் பெரிதாக. ஒரே அழுத்தத்தில் ஓடுவது முப்பதாயிரத்தை ஒட்டி. மூச்சுக்கு மூச்சு தானே பார்த்து ஏற்றி இறக்கும் ஆட்டோ வகை 38,000-லிருந்து 70,000 வரை. இழுக்கும்போது ஓர் அழுத்தம், விடும்போது வேறொரு அழுத்தம் கொடுக்கும் பைபேப் அதற்கும் மேலே. கடைக்காரர் பேச்செல்லாம் மெஷினைப் பற்றியே இருந்தது. திரை, செயலி, சத்தம் எத்தனை டெசிபல். மாஸ்க்கைக் கேட்டபோது, "அது கூடவே வந்துரும் சார், எல்லாருக்கும் இந்த மீடியம்தான் போவுது" என்றார்.

எல்லாருக்கும் ஒரே மூக்கா இருக்கிறது? வேறு மாஸ்க்குகளையும் எடுக்கச் சொன்னேன். தயங்கித் தயங்கி எடுத்தார். மேஜையில் மூன்று வகை வந்தது. இரண்டு மூக்குத் துளைகளின் வாயில் மட்டும் சிலிக்கோன் மொட்டாகப் பொருந்தும் வகை. மூக்கை மட்டும் மூடும் வகை. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய வகை. விலை 3,500-லிருந்து 9,000 வரை. பெட்டிக்குள் காகிதத்தில் வெட்டிய ஓர் அளவுச் சட்டம் இருந்தது. அதை மூக்கின்மேல் வைத்து எந்தத் துளைக்குள் மூக்கு அடங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். அந்தக் காகிதத்தை அவர் பிரித்ததே இல்லை என்பது மடிப்பிலேயே தெரிந்தது.

மாஸ்க்கின் கதையை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். 1980-ல் சிட்னியின் ராயல் பிரின்ஸ் ஆல்பிரட் ஆஸ்பத்திரியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர்தான், தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய்க்கு இதை முதன்முதலில் மனிதருக்கு வைத்துப் பார்த்தவர். அதுவரை இந்த நோய் முற்றினால் இருந்த வழி கழுத்தில் துளை போடுவதுதான். சல்லிவன் காற்றடிக்கும் மோட்டாரைத் தேடிப் பிடித்து ஓடவிட்டார். நோயாளியின் மூக்கை அச்செடுத்து, அதற்கென்றே மாஸ்க் வார்த்து, ஒவ்வோர் இரவும் பசை வைத்து முகத்தில் ஒட்டினார்கள். ஐந்து நோயாளிகளின் கதை 1981-ல் 'லான்செட்' இதழில் வந்தது. மோட்டார் கடையில் கிடைத்தது, மாஸ்க்கைத்தான் ஆளுக்கு ஆள் செய்ய வேண்டியிருந்தது. நாற்பது வருஷத்துக்குப் பிறகும் கஷ்டம் அதே இடத்தில்தான் இருக்கிறது என்பதைக் கடை மேஜையைப் பார்த்தபோது உணர்ந்தேன்.

ஸ்பிரிட்டில் துடைத்த சாம்பிள் மாஸ்க் ஒன்றை, என்னை ஸ்டூலில் உட்கார வைத்தே மாட்டிவிட்டார். கண்ணாடியில் பார்த்தால் கச்சிதமாக இருந்தது. மெஷினை ஓடவிட்டு 11-ல் வைக்கச் சொன்னேன். லீக் இல்லை. "பாத்தீங்களா சார்?" என்றார். நான் ஸ்டூலிலா தூங்கப் போகிறேன்? கடையின் மூலையில், விற்பனைக்கு வைத்த ரெக்ஸின் கட்டில் ஒன்று, டாக்டர்கள் அறையில் இருக்குமே, அது இருந்தது. அதன்மேல் இருந்த அட்டைப் பெட்டிகளை இறக்கச் சொல்லிப் படுத்தேன். படுத்த நிமிடம் வலது கண்ணுக்குள் காற்று பீய்ச்சியது. நிற்கும்போது ஒரு முகம், படுத்தால் வேறு முகம். கன்னத்துச் சதை காதை நோக்கிச் சரிகிறது. மூக்கின் ஓரத்தில் இடைவெளி திறக்கிறது. கடைக்காரர் பட்டையை இறுக்க வந்தார். இறுக்கியதும் இன்னும் மோசமானது. மாஸ்க்கின் விளிம்பு இரட்டைத் தோலாக இருக்கிறது. உள்தோல் காற்றில் உப்பி முகத்தோடு ஒட்ட வேண்டும். இறுக்கினால் அது உப்ப இடமில்லாமல் நசுங்குகிறது. தளர்த்தி, மாஸ்க்கை ஒரு முறை முகத்திலிருந்து தூக்கி, காற்று நிறைந்ததும் மெல்ல விட்டேன். சத்தம் அடங்கியது.

எனக்குப் பின்னால் ஒரு வயதான தம்பதி காத்திருந்தார்கள். வேலூர்ப் பக்கம். பெரியவர் ஏற்கெனவே மெஷின் வைத்திருப்பவர்; விற்க வந்திருந்தார். ஏன் விற்கிறீர்கள் ஐயா என்றேன். "ஒத்துக்கலப்பா." அந்த அம்மா பக்கத்தில் இருந்து, "கண்ணெல்லாம் செவந்து போவுது, ராத்திரியெல்லாம் புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம்" என்றார். பையிலிருந்து அவர் மாஸ்க்கை எடுத்துப் பார்த்தேன். அதே மீடியம். பெரியவருடைய மூக்கு அதற்குள் அடங்காத அகலம். அந்தக் காகிதச் சட்டத்தை எடுத்து அவர் மூக்கில் வைத்துக் காட்டினேன். கடைக்காரர் அகலமான ஒன்றைத் தேடி எடுத்தார். பெரியவரும் அந்த ரெக்ஸின் கட்டிலில் படுத்தார். எழுந்தபோது மெஷினை விற்பது பற்றிப் பேசவில்லை. இது எனக்கு இன்றும் மனதில் நிற்கிறது. ஒத்துக்கொள்ளாதது மெஷின் இல்லை. மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் மாஸ்க்கை யாரும் அளந்து கொடுக்காததால் ஒரு மனிதர் மறுபடியும் மூச்சு நிற்கிற தூக்கத்துக்குத் திரும்ப இருந்தார்.

பழைய மெஷின் 15,000-க்கும் கிடைக்கிறது. கீழ்த்தட்டில் நாலைந்து இருந்தன. ஒன்றின் அடியில் மாடல் எண்ணைப் படித்தேன். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் மெஷின்களில் பல மாடல்களைத் திரும்பப் பெறுவதாக உலகம் முழுக்க அறிவித்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த பாலியூரித்தேன் நுரை பொடிந்து மூச்சோடு உள்ளே போகலாம் என்பது காரணம். பழையது வாங்குகிறவர்கள் அடியைத் திருப்பி மாடலும் சீரியல் நம்பரும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது சார்" என்பது கடையில் கிடைக்கும் பதில்.

நான் மெஷினை முதலில் வாடகைக்குத்தான் எடுத்தேன். மாதம் 4,000, முன்பணம் 10,000. மாஸ்க் மட்டும் சொந்தமாக. இன்ஷூரன்ஸ் கொடுக்குமா என்று கேட்டதற்கு ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பாலிசிக் காகிதத்தை விரித்து, பணம் தரப்படாத பொருட்களின் பட்டியலில் விரல் வைத்துத் தேடினேன். சிபேப் அதில் அச்சாகி இருந்தது.

வீட்டில் முதலில் சண்டை காற்றோடுதான். இழுப்பது சுலபம். விடுவதுதான் எதிர்க்காற்றில் விடுவது போல இருந்தது. மார்பு படபடக்கும், கை தானாக மாஸ்க்குக்குப் போகும். இரவில் பழக முயலாமல் பகலில் பழகிப் பார்த்தேன். சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து மாஸ்க் போட்டுக்கொண்டு செய்தி பார்ப்பது, பேப்பர் படிப்பது. தூங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதபோது மூச்சு தன் வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. மெஷினில் 'ரேம்ப்' என்று ஒரு வசதி உண்டு. 4-ல் ஆரம்பித்து மெதுவாக ஏறும். மூச்சை விடும்போது மட்டும் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் இன்னொன்றும் உண்டு. இரண்டும் எனக்குக் கொடுத்த மெஷினில் அணைத்து வைக்கப்பட்டிருந்தன. பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அடுத்தது தண்ணீர். காற்று வறண்டால் மூக்கு எரிந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் மெஷினின் பக்கத்தில் சின்னத் தண்ணீர்ப் பெட்டி இருக்கிறது, அடியில் சூடேற்றும் தட்டோடு. டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். மருந்துக் கடையில் ஐந்து லிட்டர் கேன் 150 ரூபாய் சொன்னார்கள். தெருமுனை மெக்கானிக் பேட்டரித் தண்ணீரே போதும் என்றார். அது பேட்டரிக்கு, நான் சுவாசிக்கப் போவது இது. குழாய்த் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று ஒரு கிண்ணத்தில் எங்கள் போர் தண்ணீரைக் காயவிட்டுப் பார்த்தேன். அடியில் வெள்ளைப் படலம் விரலில் ஒட்டியது. கேனையே வாங்கினேன்.

ஏசியை 24-ல் வைத்துப் படுத்த ஓர் இரவில் டியூபுக்குள் களகளவென்று சத்தம் கேட்டு எழுந்தேன். சூடான ஈரக்காற்று குளிர்ந்த டியூபில் வரும்போது வியர்த்துத் தண்ணீராகிவிடுகிறது. முகத்திலும் தெறித்தது. சூடேற்றும் வயர் சுற்றிய டியூப் தனியாகக் கிடைக்கிறது, 4,000 ரூபாய்க்கு மேல். என் மனைவி ஒரு பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து டியூபின் நீளத்துக்கு, அதாவது ஆறடிக்கு, உறை தைத்துக் கொடுத்தாள். மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வான ஸ்டூலில் வைத்தேன், தண்ணீர் சேர்ந்தால் அதனிடமே திரும்பி ஓடட்டும் என்று. களகளச் சத்தம் நின்றது.

பில்டரைப் பற்றி யாருமே சொல்லவில்லை. மெஷினின் பின்பக்கம், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைத் துண்டு. எங்கள் தெருவுக்கு வெளியே மெட்ரோ வேலை நடக்கிறது. ஒரு மாதம் கூட ஆகவில்லை, திறந்து பார்த்தால் வெள்ளை, சாம்பலாகியிருந்தது. அதன் ஒரு கோடி மட்டும் சட்டத்துக்குள் மறைந்து பழைய நிறத்தில் இருந்தது. இது இல்லாவிட்டால் இந்தத் தூசி இத்தனை நாளும் நேரே உள்ளே போயிருக்கும் என்று மனைவிக்கும் காட்டினேன்.

இவ்வளவும் சரி செய்த பிறகும் காலையில் மாஸ்க் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. எப்போது கழற்றினேன் என்று தெரியாது. விடியக்காலம்தான் இருக்கும் என்றாள் மனைவி. மெஷினுக்குள் தபால்தலை அளவில் ஒரு மெமரி கார்டு இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு ஸ்லீப் லேப் பையனிடமே போனேன். கணினியில் செருகியதும் பச்சைக் கம்பங்கள் வரிசையாக எழுந்தன, ஒவ்வோர் இரவுக்கும் ஒன்று. எல்லாம் குட்டை. சராசரி மூன்று மணி பத்து நிமிடம். போட்டிருந்த நேரத்தில் மூச்சு நின்றது மணிக்கு மூன்று தடவைக்குள். அதாவது மெஷின் தன் வேலையைச் செய்கிறது. பிறகு அவர் லீக் வரியைத் திறந்தார். நிமிடத்துக்கு 24 லிட்டர் என்று ஒரு கோடு. அதற்குமேல் போனால் மோசம். இரண்டரை மணி வரை கோட்டுக்குக் கீழே சமத்தாக ஓடிய வரி, திடீரென்று கோட்டைத் தாண்டி எகிறி நின்றது. பத்து நிமிடம் கழித்து மெஷின் நின்றுவிட்டது. அடுத்த இரவிலும் அப்படியே. விடியக்காலம் இல்லை, நடுராத்திரி.

"அந்த நேரத்துல ஒருக்களிச்சுப் படுப்பீங்களா சார்?" என்றார். அதை மனைவியிடம் கேட்க வேண்டியதில்லை. ராத்திரி எப்போது விழித்தாலும் நான் இடது பக்கம் திரும்பித்தான் கிடப்பேன். கடையில் மல்லாந்து படுத்துத்தான் மாஸ்க்கைப் பார்த்தேன். பக்கவாட்டில் தலையணை மாஸ்க்கின் ஓரத்தை நெட்டித் தள்ளும் என்பது அங்கே தெரிய வழியில்லை.

மறுபடி நைனியப்ப நாயக்கன் தெரு. இந்த முறை என் தலையணையையும் பையில் வைத்துக்கொண்டு போனேன். அதே ரெக்ஸின் கட்டில், இடது பக்கம் திரும்பி. மூக்கை மூடும் வகை அழுத்தியவுடனே விலகியது. மூக்குத் துளைக்கு வரும் மொட்டு வகையில், டியூப் முகத்துக்கு முன்னால் தொங்காமல் உச்சந்தலையிலிருந்து இறங்குவது ஒன்று இருந்தது. எப்படிப் புரண்டாலும் டியூப் மாட்டவில்லை. மொட்டில் மூன்று அளவு. நடு அளவில் 11-ல் ஒரு பக்கம் சீறியது, பெரிய அளவில் நின்றது. மீசையின் மேல் ஓரத்தைக் கொஞ்சம் கத்தரிக்க வேண்டியிருந்தது. கடைக்காரர் இப்போது தானாகவே வந்து நின்று, விரலை மாஸ்க்கைச் சுற்றி ஓட்டி லீக் பார்த்தார். வேறு ஒருவருக்கும் இப்படிப் படுக்க வைத்துத்தான் கொடுத்தேன் என்றார். விலை 7,200. கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் முன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது முகத்தில் பட்ட பொருள்.

வாய் திறந்து காற்று வெளியேறுவதற்குத் தாடைப் பட்டை ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கினேன். அதிகம் தேவைப்படவில்லை. மூக்கு அடைப்பு குறைந்ததும் வாய் தானே மூடிக்கொண்டது. படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவுவது உதவியது, முக எண்ணெய்தான் சிலிக்கோனை வழுக்க வைக்கிறது. மாஸ்க்கைத் தினமும் கழுவி நிழலில் காயவிடுகிறேன். மொட்டை மாடி வெயிலில் காயவைத்த பழைய மாஸ்க்கின் ஓரம் மஞ்சளித்து விறைத்துப் போனதைப் பார்த்தேன்.

கம்பங்கள் உயர ஆரம்பித்தன. ஓர் இரவில் ஏழு மணி நேரத்தைத் தொட்டது. அதைக் காலையில் திரையில் படித்தபோதுதான் பகல் இரண்டு மணிக்கு ஆபீஸில் கண் சொருகுவது நின்று சில நாட்களாகிவிட்டது என்பதை யோசித்துப் பார்த்தேன்.

ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்பது மிச்சம் இருந்தது. ரயிலில் ராத்திரி 11-லிருந்து 5 வரை சார்ஜிங் பிளக்கை அணைத்துவிடுவார்கள், மெஷினை எடுத்துப் போகாதே என்று சொன்னவர்கள் பலர். எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போகும் இரவு வண்டியில், மூன்றடுக்கு ஏசியில், கீழ்ப் படுக்கை எடுத்தேன். பிளக்கின் மேல் 110 வோல்ட் என்று எழுதியிருந்தது. மெஷினின் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன்: 100 முதல் 240 வரை. தண்ணீர்ப் பெட்டியைச் சூடாக்குவதுதான் அதிகக் கரண்ட் இழுக்கும் என்பதால் அதைக் கழற்றிவிட்டு, மெஷினை மட்டும் ஜன்னல் பக்கத்து மேஜையில் வைத்துப் போட்டேன். விழுப்புரத்தில் விழித்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. திருச்சியிலும் ஓடியது. திண்டுக்கல்லில் எழுந்தபோது மூக்கு கொஞ்சம் காய்ந்திருந்தது, அவ்வளவுதான். திரையில் ஐந்து மணி நாற்பது நிமிடம்.

எதிர்ப் படுக்கையில் இருந்தவர் ஐம்பது வயதுக்காரர், கழுத்து என்னுடையதைவிடத் தடிமன். இரவு முழுக்க அவருடைய குறட்டை எழும்பி எழும்பி நின்று போனதை, விழித்த போதெல்லாம் கேட்டிருந்தேன். அவர் மனைவி, மேல் படுக்கையிலிருந்து இறங்கியதும், "அண்ணே, அது என்ன மிசினு?" என்றார். மாஸ்க்கை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதைப் போட்டா குணமாயிடுமா என்று கேட்டார். குணமாகாதும்மா, போட்டிருக்கிற வரைக்கும்தான். கரண்ட் போய் மெஷின் நின்ற ராத்திரியில் எனக்கு எல்லாம் பழையபடி வந்தது என்றேன். என்ன விலை என்றார் கணவர். விலை அப்புறம், முதலில் ஒரு ராத்திரி டெஸ்ட் என்றேன். மதுரையில் எங்கே எடுப்பார்கள் என்று கேட்டார். நுரையீரல் டாக்டர் இருக்கிற எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் கேளுங்கள் என்று சொல்லி, இரவில் அவருக்கு மூச்சு நின்ற நேரங்களில் கைபேசியில் மணி பார்த்து வைத்திருந்ததை அந்த அம்மாவிடம் காட்டினேன். அவர் கணவரிடம் ஒன்றும் சொல்லாமல் தன் போனை எடுத்து அவற்றை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார், டாக்டரிடம் காட்ட.